ஐஸ் பெட்டிக்கு அடியில் ஒரு வயர்

வளவனுக்கு ஊரில் வைத்த பெயர் நெட்டுக்காரர். பரமத்தி வேலூரைச் சுற்றி, வெற்றிலைக்கும் வாழைக்கும் நடுவே ஒளிந்திருக்கும் வீடுகளுக்கு ஃபைபர் லைன் இழுத்துக் கொடுப்பதும், பழுதானால் போய்ப் பார்ப்பதும் பதினோரு வருடமாக அவர் பிழைப்பு. பாதிப் புகார்களைப் போனிலேயே முடித்துவிடுவார். “அமத்திப்போட்டு அஞ்சு நிமிசம் கழிச்சுப் போடுங்க” என்பார், சரியாகிவிடும். அதற்கும் சேர்த்து அவரைத்தான் திட்டுவார்கள். அதற்கு முன்னால் ஆறு வருடம் ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய்ப் போர்க் கிணறு போட்டவர். ஒரு தை மாதம் திடீரென்று அதை விட்டுவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மதியம் சண்முகப்பிரியா தோட்டத்தை விட்டு ரோட்டுக்கு வந்து கூப்பிட்டாள்.

“அண்ணா, அம்மா போயிருச்சுங்க. நெட்டு வேல செய்யலைங்க. தம்பி ஆப்பிரிக்காவுல ரிக்குல இருக்கறான். மொகத்தயாச்சும் காட்டோணுங்க. மூணு மணிக்கு எடுக்கறாங்க.”

அமத்திப்போடச் சொல்ல வளவனுக்கு வாய் வரவில்லை. வண்டியை எடுத்தார்.

அந்தத் தோட்டத்து வீட்டில் போன் சிக்னல் நிற்காது. மகன் நவநீதகிருஷ்ணனை வீடியோவில் பார்ப்பதற்கென்றே சௌந்திரம்மாள் அந்த லைனை வாங்கியிருந்தார். இப்போது கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள், தெற்கே தலை வைத்துக் கிடந்தார். சுவரில் ரவுட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

வளவன் அடாப்டரை மாற்றினார். விளக்கு மாறவில்லை. கம்பத்தில் ஏறி மீட்டர் வைத்துப் பார்த்தார். லைன் நன்றாக இருந்தது. வீட்டுச் சுவர் வரைக்கும் நன்றாகவே இருந்தது. அப்படியானால் கோளாறு உள்ளேதான். வயரைத் தொட்டுக்கொண்டே வந்த கை ஐஸ் பெட்டியருகே நின்றது. சாமான்களை ஒதுக்கிய அவசரத்தில் வயர் தரையில் சரிந்து, பெட்டியின் காலுக்கடியில் சிக்கி மடிந்திருந்தது. புது வயர் ஒட்டலாமென்றால் ஒட்டுகிற மிஷின் நாமக்கல்லில் இருந்தது. மணி இரண்டேகால்.

சாவுக் காரியமெல்லாம் சண்முகப்பிரியாவின் பெரியப்பா மணியன் சொல்படிதான் நடந்தது. வளவன் அவரிடம் போனார்.

“ஏனுங்கையா, பெட்டியக் கொஞ்சம் நகத்தோணுங்க.”

“கெடத்துன பொறவு நகத்தற பழக்கமில்லீங்க. மறுக்கா எடுக்கறது காட்டுக்குத்தான்.”

வளவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. செத்தவருக்கு இத்தனை முறை பார்க்கிறார்கள். பெற்ற பிள்ளை எங்கோ போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே. ஆனால் துக்க வீட்டில் குரலை உயர்த்த முடியுமா? யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“எங்கப்பன் போனப்ப நானு ரிக்குல இருந்தனுங்க. மூணாம் நாள் வந்து சாம்பலத்தான் பாத்தனுங்க. நகத்த வேண்டாங்கையா. நாலு பேரு அரை வெரல் தூக்கிப் புடிச்சாப் போதுங்க. அதே எடத்துல வெச்சர்லாம்.”

மணியன் அவரையே பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைமாட்டில் தாமே குனிந்தார். இன்னும் மூன்று பேர் வந்து கை கொடுத்தார்கள். வளவன் வயரை உருவி, மடிப்பை மெல்ல நீவிவிட்டார். ரொம்ப நேரம் கழித்துச் சுவரில் பச்சை விளக்கு நின்றது.

அழைப்பு வந்தது. சண்முகப்பிரியா போனை நீட்ட, வளவன் வாங்கிப் பிடித்தார். நவநீதகிருஷ்ணன் சட்டையெல்லாம் போர் மண். பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படர்ந்து அம்மாவின் முகம் சரியாகத் தெரியவில்லை. வளவன் தன் துண்டால் துடைத்தார். அவன் அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அக்கா, காலக் காட்டு.”

வளவன் கால்மாட்டுக்குப் போனார். போனில் அவன் தலை குனிந்து கீழே போய் மறைந்தது. பின்னாலிருந்த தகரச் சுவர் மட்டும் தெரிந்தது.

மூன்று மணிக்குப் பாடை தூக்குகிறவர்கள் உள்ளே வந்தார்கள். மணியன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இருங்கப்பா. பையன் இன்னும் எந்திரிக்கல.”