பதினோரு முழுக்கை ஜாக்கெட்

எனக்குப் பொறாமை. ஒளிச்சு வெச்சு என்ன ஆவப்போவுது? எங்க தெரு சோபியாவை நெனச்சாலே வயிறு எரியும்.

ஆரணியில ஜாக்கெட் தைக்கிறவ நான், பேரு திலகவதி. சோபியா வீட்டுக்காரரு டேனி, பட்டுக்கடை சேல்ஸ்மேன். மாசம் தவறாம அவரே துணியும் அளவு ஜாக்கெட்டும் எடுத்துகினு வருவாரு. "முழுக்கை வைங்கக்கா, ஜல்தியா குடுங்க. அவளுக்கு சர்ப்ரைஸ்." எங்க வீட்டுக்காரரு வேணுகோபால் நாள் முழுக்க பட்டு நெய்யறாரு, எனக்கு ஒரு கர்ச்சீப் வாங்கித் தந்ததில்ல. "புருஷன்னா டேனிதான்யா!"ன்னு எத்தினி வாட்டி அவருகிட்ட சண்டை போட்டிருப்பேன்!

போன சித்திரையில பதினோராவது துணி வந்துச்சு, மயில்கழுத்து நிறம். என் கை சும்மா இருக்குமா? வேணும்னே அரைக்கையா வெட்டிட்டேன். துணி பத்தலன்னு சொல்லிக்கலாம்னு ஒரு திமிரு. டேனி போளூர் போன நேரம் பாத்து வீட்ல குடுத்துட்டு வந்தேன்.

பத்து நிமிஷம் ஆவல, சோபியா ஓடியாந்தா. அவ என் கடைக்கு வந்ததே அன்னிக்குத்தான்.

"அக்கா, ஒட்டுப் போட்டாவது கையை நீளமாக்கிக் குடுங்க. அவரு திரும்பறதுக்குள்ள."

அளவு எடுக்கணும், போட்டிருக்கிற முழுக்கையை மேல மடிச்சு நீட்டுன்னேன். தயங்கித் தயங்கி மடிச்சா. மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் விரல் விரலாக் கன்னிப்போயிருந்துச்சு.

"ஃபோனை எடுக்க லேட்டாச்சுக்கா, தப்பு என்மேலதான். அடிச்சிட்டு அவரே அழுவாரு. மறுநாளே துணி வாங்கினு வருவாரு."

அடப்பாவி! ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஜாக்கெட்டா? பதினொண்ணையும் நான்தான தெச்சேன். வெக்கத்துல கூசிப்போயிட்டேன்.

"அழுதுட்டா அடிச்சது இல்லன்னு ஆயிடுமாடி? உன்மேல ஒரு தப்பும் இல்ல."

என் ஃபோன்லயே பொம்பளைங்க உதவி நம்பர் 181 போட்டுக் குடுத்தேன். "இப்ப பயமில்லாம பேச முடியுமாம்மா?"ன்னு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு கேட்டுச்சு. சோபியா என்னைப் பாத்தா. நான் ஷட்டரை எறக்கினேன். அப்புறம்தான் அவளுக்கு வாயே வந்துச்சு. அன்னிக்கே தங்க எடம் குடுத்தாங்க, வக்கீல் வெச்சுக் குடுத்தாங்க. டேனி அவகிட்ட நெருங்கக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு.

இப்ப களம்பூர்ல அம்மா வீட்லேர்ந்து பஸ்ஸேறி என் கடைக்கு வந்து தைக்கிறா. நேத்து ஒருத்தி என் மூஞ்சிக்கு நேரா, "சோபியா தெச்சாதான் நல்லா உக்காருது"ன்றா! எரியாம இருக்குமா எனக்கு? சோபியா சிரிச்சுகினே மெஷினை மிதிச்சா. போட்டிருந்தது அவ சம்பளத்துல எடுத்த பன்னெண்டாவது ஜாக்கெட், அரைக்கை.