பழைய டேப்புக்குப் புது லேபிள்

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் அறையில் அவருக்கு ஒட்டுக்காரர் என்று பேர். நோயாளிகளின் ஸ்கேன் படங்களை நகலெடுத்து வைக்கிற டேப்புகளுக்கு லேபிள் ஒட்டுவது அவர் வேலை. உள்ளங்கை அகலத்தில் கறுப்பு டப்பா, அதன் நெற்றியில் கோடுகோடாக ஒரு சீட்டு. சீட்டு கோணினால் மெஷின் டப்பாவின் அடையாளம் தெரியாமல் திணறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார்.

வேலை வாங்கிக் கொடுத்தவர் தங்கை புருஷன், அந்த அறைக்கே மேலாளர். ஒட்டுக்காரர் கல்யாணம் ஆகாதவர். தங்கை வீட்டு மாடியில் படுக்கை, தங்கை கையால் சோறு. பெற்றவர்கள் போனபின் ரத்தபாசம் என்று அவள் ஒருத்திதான்.

ஒருமுறை புது டேப் வரவழைக்க மாப்பிள்ளை மறந்துபோனார். மேலே சொல்லப் பயம்.

“மச்சான், தேய்ஞ்ச டேப்புல பழைய லேபிளை உரிச்சுட்டுப் புதுசை ஒட்டிடுங்க.”

“உள்ள சிப்பு இருக்கே, மாப்ள?”

“அது வாயைத் திறந்து பேசுமா? பொண்டாட்டி இல்லாத உங்களுக்கே இவ்வளவு பயமா!”

ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் நகக்கண் அளவு சிப் ஒன்று உண்டு. டேப் எத்தனை தரம் ஓடியது, எந்த மெஷினில் ஓடியது, எங்கே தடுக்கியது, எல்லாம் அதில் பதியும். மேலே ஒட்டுவது பேர். உள்ளே இருப்பது பட்ட பாடு. ஒட்டுக்காரர் உரித்தார், ஒட்டினார். அறையின் கம்ப்யூட்டர் லேபிளை நம்பிப் புதுசு என்று எடுத்துக்கொண்டது. சிப்பைப் படித்த மெஷின் மட்டும் மஞ்சள் விளக்குப் போட்டது. “தூசியா இருக்கும், துடைங்க” என்றார் மாப்பிள்ளை.

பிறகு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. டேப்பை எடுத்தால் படம் வரவில்லை. தலையில் கட்டி என்று வந்த ஒரு சிறுமிக்குப் பழைய படம் இல்லாமலே ஆபரேஷன் நடந்தது. பிள்ளை பிழைக்கவில்லை. படம் இருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை.

விசாரணைக்காரர்கள் சிப்பைப் படித்தார்கள். புது லேபிளுக்குள் கிழட்டு டேப். அன்று சாயங்காலம் தங்கை மாடியேறி வந்தாள்.

“அண்ணா, எனக்கு மூணு புள்ளைங்க. உனக்கு யாரு இருக்கா?”

கேட்டபிறகுதான் கேட்ட கேள்வி அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் அவர் விசாரணைக்குப் போய் நின்றார்.

“ஒட்டினது யாரு?” என்றார் அதிகாரி.

“நான்தாங்க.”

“யார் சொல்லி?”

“யாரும் சொல்லலைங்க.”

ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்து நேரே தங்கை வீட்டுக் கதவைத்தான் தட்டினார். மாப்பிள்ளை பாதிக் கதவைத் திறந்தார்.

“மச்சான், ஆபீஸ்ல யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க? கொஞ்ச நாளைக்கு ஒட்டும் வேணாம், உறவும் வேணாம்.”

பின்னாலிருந்து தங்கை ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினாள். கை மட்டும்தான் வெளியே வந்தது. வாங்கிக் குடித்தார். தம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தார். பக்கத்து வீட்டுக்காரி அவளிடம் யார் அது என்று கேட்டாள்.

“யாரோ தண்ணி கேட்டாங்க” என்றாள் தங்கை.