மாமனாரை மாடி ஏற்றிய பூ வளையம்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் ஜாலான் புசாரில் ஆணி எடுத்துக் கொடுக்கும் வேலையாளாக நுழைந்தவன், அதே தெருவில் சொந்தமாக இரும்புச் சாமான் கடை போட்டேன். அறுபதுகளின் தொடக்கத்தில் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. எங்கள் மூன்றாம் மாடியில் முதன்முதலில் இசைத்தட்டும் பாடும் ரேடியோகிராம் பெட்டி வாங்கியவன் நான்தான். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு செய்தவனால் ஒரே ஒரு மனிதரை மாடிப்படி ஏற வைக்க முடியவில்லை. அவர் என் மாமனார்.

மாமனார் வெள்ளைக்காரர் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன வெயில் அடித்தாலும் கோட்டு போடாமல் கோயிலுக்கு வரமாட்டார். அந்த மாதா கோயிலில் பெஞ்சுகளுக்குத் திருகாணி போட வந்தவன் நான். அங்கே பாட வந்த அவருடைய மகள், கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று நின்றுவிட்டாள். மனிதர் கல்யாணத்துக்கு வந்தார், முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் என்னைப் பார்க்காமல், என் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துச் சொன்னார்.

"கல்யாணம் ஆண்டவர் முன்னால நடந்துச்சு, வந்துட்டேன். ஆனா இந்த ஆளு வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

சொன்னதைக் காப்பாற்றினார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பூசை முடிந்ததும் அத்தையை டாக்சியில் கூட்டிக்கொண்டு எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வருவார். அத்தை முட்டி வலியோடு மெதுவாக மேலே ஏறி வருவார். இவர் கீழே மரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். என் மனைவி டிபன் கேரியரில் ஆட்டுக்கறிக் குழம்பு போட்டு அனுப்புவாள். அது மட்டும் காலியாகத் திரும்பி வரும். குழம்பு மேல் அவருக்குக் கோபம் கிடையாது.

அந்த வருஷம் என் மனைவிக்கு நிறைமாதம். ரொம்ப நாள் காத்திருந்து உண்டான பிள்ளை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. புள்ள பொறக்கறதுக்கு முன்னால அப்பா ஒரு தடவ இந்த வீட்டுக்குள்ள வரணும்" என்றாள்.

"வர வைக்கிறேன் பாரு" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் நான் எதையும் தெரிந்துகொண்டு ஆரம்பித்ததில்லை. கடையையும் அப்படித்தான் போட்டேன்.

டிசம்பரில் தங்லின் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவுக்குப் பூட்டும் கீலும் கொண்டுபோனேன். வாசல் கதவில் பச்சை இலையால் ஒரு பெரிய வளையம் தொங்கியது. இது என்ன என்று அந்த வீட்டு டிரைவரைக் கேட்டேன். "கிறிஸ்மஸ்க்கு மாட்டுறது லா. தொரை வீட்டுல எல்லாம் இது இருக்கும்" என்றார்.

பளிச்சென்று எனக்கு யோசனை வந்தது. மாமனாருக்குத் துரைமார் செய்வதெல்லாம் வேதவாக்கு. கீழே மரத்தடியில் நின்றால் எங்கள் கதவின் மேல்பாதி தெரியும். வளையத்தைப் பார்த்துவிட்டு, இவன் வீடும் மரியாதைப்பட்ட வீடுதான் என்று மனம் இளகி மேலே வருவார். இப்படிக் கணக்குப் போட்டேன்.

கடையில் கம்பிக்குப் பஞ்சமா? தடித்த கம்பியை வண்டிச் சக்கரம் அளவுக்கு வளைத்து முறுக்கினேன். நான் வளைத்த வட்டம் கோணாது, யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கட்டும். பாசிர் பாஞ்சாங் கடற்கரையில் போய்ச் சவுக்குக் கொப்பு ஒடித்துவந்தேன். மெல்லிய கம்பியால் அதைக் கொத்துக் கொத்தாகக் கட்டினேன். கட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தால் பச்சை விளக்குமாற்றைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. பங்களா வளையத்தில் இடையிடையே ஏதோ சேர்த்திருந்தார்கள். என்னவென்று சரியாக ஞாபகம் இல்லை. பூவாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன்.

விடிந்தால் கிறிஸ்மஸ். நேராகச் சிராங்கூன் சாலைக்குப் போனேன். எனக்கு வழக்கமாகப் பூக் கொடுக்கும் மாலைக்காரரிடம் நல்ல வெள்ளைச் சாமந்தியும் சம்பங்கியும் கேட்டேன்.

"இவ்வளவுமா? எதுக்குண்ணே?"

"வட்டமா வளையம் கட்டறேன். வாசல்ல வைக்க."

அவர் கையில் இருந்த மாலையைக் கீழே வைத்துவிட்டார். "யாருண்ணே போயிட்டா?"

"யாரும் போகலய்யா. வர்றாங்க!" என்று அதட்டினேன். பூவைக் கட்டிக் கொடுத்தார். ஆனால் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

வீட்டில் மனைவி பார்த்தாள். "என்னங்க, எல்லாம் வெள்ளப் பூவா இருக்கு?"

"இயேசு பாலன் பொறந்த நாளு. வெள்ளைதானே பொருத்தம்?"

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். என்னிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். வெள்ளை ரிப்பனில் ஒரு முடிச்சும் போட்டு, சாயங்காலமே கதவில் மாட்டினேன்.

காலையில் கதவைத் திறந்தால் தாழ்வாரம் முழுக்க அமைதி. எந்நேரமும் கத்தும் பிள்ளைகளைக் காணோம். கடைசி வீட்டு மலாய்க்காரர் வழக்கமாக வைக்கும் ரேடியோவைக்கூட அணைத்திருந்தார். கடந்துபோனவர்கள் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். என் வளையத்துக்கு எவ்வளவு மரியாதை என்று நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆட்டுக்கறி வெட்டப் போய்விட்டேன்.

கீழே நடந்ததை அத்தை பிறகு சொன்னார். டாக்சி வந்து நின்றிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீன அக்கா சந்தைக்குப் போய்விட்டு வந்தவர், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியிருக்கிறார். "காசியான், காசியான்" என்றாராம். பாவம், பாவம் என்று அர்த்தம். "ரூமா தவுக்கே, ஓராங் மாத்தி." முதலாளி வீட்டில் ஒருவர் இறந்துவிட்டார் என்று மலாயில் சொல்லி, மேலே கைகாட்டியிருக்கிறார். தவுக்கே என்று அந்த மாடியில் கூப்பிட்டது என்னை ஒருவனைத்தான்.

மாமனார் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். கதவில் வெள்ளைப் பூ வளையம். உள்ளே நிறைமாதத்து மகள். குடை ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம்.

நான் சமையலறையில் இருந்தேன். படியில் தடதடவென்று சத்தம். கதவு சுவரில் மோதியது.

"பாப்பா! பாப்பா!"

என் மனைவி கரண்டியோடு கூடத்துக்கு ஓடினாள். நான் கத்தியோடு பின்னால் ஓடினேன். வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்ற மனிதர், வீட்டு நடுக்கூடத்தில் சப்பாத்துக் காலோடு நின்றார். கோட்டுப் பொத்தான் ஒன்று அறுந்து தொங்கியது.

"என்னப்பா? ஏன் இப்படி மூச்சு வாங்குது? அம்மாவுக்கு என்ன?"

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கதவைக் காட்டினார்.

"எவன் இத மாட்டுனது?"

"நான்தான் மாமா. தொரை வீட்டுல பாத்தேன்."

"அதுல செவப்புப் பழம் வச்சிருப்பாங்கடா! வெள்ளப் பூவ வச்சா அது சாவு வீடுடா, மடையா!"

அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தைகள் அவை. அதிலும் இரண்டு 'டா', ஒரு 'மடையா'. எனக்கு அவ்வளவு சந்தோஷம், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அத்தை ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தார். பின்னாலேயே சீன அக்காவோடு பாதித் தாழ்வாரமும் வந்தது. விஷயம் தெரிந்ததும் அந்த அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுச் சிரித்தார். கடைசி வீட்டில் ரேடியோ திரும்பவும் பாட ஆரம்பித்தது.

அப்போதுதான் மாமனார் தன் காலைப் பார்த்தார். மெழுகு போட்ட தரையில் சப்பாத்துத் தடம். கூச்சத்தோடு குனிந்து கழற்றினார். "நான் தெரியாம வந்துட்டேன். இத வந்ததா எடுத்துக்காதீங்க" என்று முனகினார்.

"தாண்டினது தாண்டினதுதாம்ப்பா" என்றாள் என் மனைவி.

மனிதரால் அந்த வளையத்தைச் சும்மா விட முடியவில்லை. கதவிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைப் பூவை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "பாப்பா, பழுத்த மொளகா இருக்கா?" அவள் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். அவர் நூலால் கட்ட, நான் கம்பியை முறுக்க, ஒரே வளையத்தில் இரண்டு பேர் கை. நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்க் கை பட்டுவிட்டதாம். அவர் கண்ணைத் துடைத்தது மிளகாய் படாத புறங்கையால். நான் பார்த்தேன், சொல்லவில்லை.

"வட்டம் மட்டும் நல்லா வளைச்சிருக்க" என்றார் கடைசியில். நான் சொன்னேனே, கோணாது என்று.

டிபன் கேரியர் அன்றைக்கு அலமாரியை விட்டு இறங்கவில்லை. சுடச்சுட இலையில் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் குழம்பு கேட்டு வாங்கினார். மாலையில் கிளம்ப எழுந்து வாசலில் தேடினார்.

"என் சப்பாத்து எங்கடா?"

"தேடுறேன் மாமா" என்றேன். ரேடியோகிராமுக்குப் பின்னால் நானே வைத்ததைத்தான், ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை தேடினேன்.