பச்சை அங்கி போடாத மாதேஸ்வரன்

பரமத்தி வேலூர் வெற்றிலை மண்டியில் ஒரு சேதி வெகு நாளாகச் சுற்றியது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் மாதேஸ்வரன், பெண்டாட்டிக்குக் கிட்னி கொடுக்கிறேன் என்று சேலம் போய், கத்தியைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிப் பச்சை அங்கியோடு ஜன்னல் ஏறிக் குதித்து ஓடி வந்துவிட்டான் என்று. போகப் போக அதற்குக் கை கால் முளைத்தது. பஸ்ஸில் உட்காரவே இல்லையாம், அங்கிக்குப் பின்னால் நாடா கட்டவில்லையாம், கண்டக்டரே தலையைத் திருப்பிக்கொண்டுதான் டிக்கெட் கொடுத்தாராம்.

சொல்லிச் சிரிக்க நல்ல சரக்குதான். நடந்தது வேறு. அதைக் கேட்டால் சிரிப்பு வராது.

அறிவுச்செல்வி அவனுக்குப் பெண்டாட்டி மட்டுமல்ல, கூடப் பிறந்த அக்காள் முத்தாயம்மாளின் மகளும்கூட. தாய்மாமன் கட்டுவது அந்தக் குடும்பத்து வழக்கம். அதனால் அவளுக்கு இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது மாதேஸ்வரன் அதிகம் கலங்கவில்லை.

"என்ற அக்கா புள்ளைங்க அவ. எங்க ஊட்டு ரத்தம். என்ற கிட்னி சேராம வேற யாருது சேருமுங்க?"

இறந்தவர்களின் கிட்னி கிடைக்கப் பெயர் பதிந்து வையுங்கள் என்று நர்ஸ் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. "செத்தவங்களுது எதுக்குங்க, நாந்தான் கல்லாட்டம் நிக்கறேனே" என்றான். வெற்றிலைப் பறிப்பு முடியட்டும், மகள் ஜோதியின் பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று ஒரு வருஷம் போயிற்று. அதுவரை அறிவுச்செல்விக்கு நாமக்கல் பஸ்ஸும் டயாலிசிஸ் ஊசியும்தான் பிழைப்பு. கை முழுக்கத் தழும்பு.

கடைசியில் சேலம் போனார்கள். இருவருக்கும் ரத்த குரூப் ஒன்றுதான் என்றதும் மாதேஸ்வரன் பிள்ளை பிறந்த மாதிரி வார்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தான். மறுபடி ஒரு சோதனை எடுத்தார்கள். டாக்டர் சோபியா இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"உங்க ரத்த செல்லை இவங்க ரத்தத்துல விட்டுப் பார்த்தோம். விட்டதும் இவங்க ரத்தம் அதைக் கொன்னுருச்சு. உங்க கிட்னி வேண்டாம்."

"அக்கா புள்ளைங்க மேடம்!"

"அதனால கொஞ்சம் ஒத்துப்போகுதுதான். ஒத்துப்போகாதது இருக்கே, அதுதான் பிரச்சினை. ஒவ்வொரு செல் மேலயும் 'இது நம்ம ஆளு'ன்னு ஒரு அடையாளம் இருக்கும். அப்பாகிட்ட பாதி, அம்மாகிட்ட பாதி வர்றது. குழந்தையைச் சுமந்தப்ப, அது வழியா உங்க அடையாளத்தை இவங்க ரத்தம் பார்த்திருக்கு. வெளியாளுன்னு எதிர்ப்பு தயார் பண்ணி வெச்சிருச்சு."

"வவுத்துல இருந்த புள்ளைய ஒண்ணும் பண்ணலீங்களே?"

"அதுக்கு நஞ்சுக்கொடி காவல் இருந்துச்சு. கிட்னிக்கு அப்படி ஒண்ணும் இல்லை. வெச்சா டேபிள்லயே கருத்துரும், உயிருக்கே ஆபத்து. மகளோடதும் ஆகாது. அவகிட்டயும் உங்க பாதி இருக்கே."

அறிவுச்செல்வி பஸ் ஸ்டாண்டில்தான் வாய் திறந்தாள்.

"உங்களோட சண்டை கட்டுனது என்ற வாய் மட்டுந்தான்னு நெனச்சனுங்க மாமா. ரத்தமும் சேந்துக்கிச்சாட்டம் இருக்குது."

மாதேஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜோதிகிட்ட இதச் சொல்லீராதீங்க. என்னயச் சுமந்ததுலதான் அம்மாவுக்கு இப்பிடின்னு அந்தக் கழுத ஆயுசுக்கும் அழுவும்."

"அப்ப என்னன்னு சொல்றது?"

"ஏதாச்சும் சொல்லுங்க. இல்லீன்னா சும்மா இருங்க."

அவன் சும்மா இருந்தான். "ஆபரேசன் வேண்டாம்னுட்டாங்க சாமி" என்பதோடு நிறுத்திக்கொண்டான். ஏன் என்று மகள் கேட்டபோதெல்லாம் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டான். அவன் சொல்லாமல் விட்ட இடத்தில்தான் மண்டிக்காரர்கள் ஜன்னல் வைத்து, அங்கி மாட்டி, அவனைக் குதிக்க விட்டார்கள். ஜோதி காதிலும் அது விழுந்தது. அவள் அப்பனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

பெயரைப் பதிந்தார்கள். அவர்களுக்கு முன்னால் காத்திருந்தவர்கள் ஏராளம். போன் வரவில்லை. ஒரு வருஷம் முந்தியே பதிந்திருந்தால் என்ற நினைப்பை மாதேஸ்வரன் யாரிடமும் சொல்லவில்லை. ஜேடர்பாளையம் தடுப்பணை நிரம்பி வழிந்த ஆடியில் அறிவுச்செல்வி போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் அப்பனும் மகளும் வெற்றிலைக் கட்டோடு மண்டிக்கு வந்தார்கள். தரகன் மாரிக்கு வாய் சும்மா இருக்காது. கட்டுக்குப் பின்னால் நின்ற ஜோதியை அவன் பார்க்கவில்லை.

"ஏனுங்க மாதேசண்ணா, அந்தப் பச்சை அங்கியத் திருப்பிக் குடுத்துட்டீங்களா, ஊட்லயே கெடக்குதுங்களா?"

நாலு பேர் சிரித்தார்கள். பிறகு ஜோதியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். அவள் அப்பன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதேஸ்வரன் கட்டை இறக்கி வைத்தான்.

"அங்கி போடவே டாக்டரம்மா உடல, மாரி. போட்டுக்கத்தான் போனேன். என்ற ரத்தம் ஆவாது, குடுத்தா அவ அன்னிக்கே செத்துருவான்னாங்க. குடுக்கல. அப்பறமும் செத்துட்டா."