கிடா சிலுப்பவில்லை

என் மச்சான் அர்ச்சுனனுக்கு எதற்கும் பயம் கிடையாது என்று எங்கள் மலையில் எல்லோரும் சொல்வார்கள். குட்டி யானை வண்டி நிறையப் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு, ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் வரை அத்தனை வளைவிலும் பாட்டு முணுமுணுத்தபடி இறங்குகிறவன். அப்பேர்ப்பட்டவனை ஒரு ரப்பர் உறை மூன்று மாதம் ஆட்டி வைத்தது. அந்த மூன்று மாதமும் அவன் என் பஞ்சர் கடையில்தான் விழுந்து கிடந்தான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஆலங்காயத்தில் ஒரு புளி மண்டியில் எடை போடுகிறவள் கிருபாவதி. புருஷன் செத்து ஏழு வருஷம். இவன் பெண்டாட்டியும் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு போய் ஐந்து வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் நாற்பதைத் தொடப் போகிறவர்கள். மூட்டை இறக்கப் போன இடத்தில் பேச்சு வளர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச் முடிந்து வந்ததும் அவள் வீட்டில் இவனுக்கு மதியச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்தது அவர்கள் சொந்த விஷயம். ஆனால் கிட்டே வருவதற்கு முன்னால் அவள் ஒரு ஆணுறைப் பாக்கெட்டை இவன் கையில் வைத்து, "இது இல்லாம ஆவாது" என்று சொல்லியிருக்கிறாள். இவனும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டான். அது கிழியவில்லை, நழுவவும் இல்லை.

அன்று சாயங்காலம் மலையேறி வந்தவன், "மாமா, கட்டுனா அவளத்தான் கட்டுவேன்" என்றான். முகம் அப்படி ஒரு பிரகாசம். எனக்கும் சந்தோஷம்தான்.

மூன்றாம் நாள் முகம் கருத்துப்போய் வந்தான்.

"மாமா, அவ எதுக்கு அந்தப் பாக்கெட்ட தயாரா வாங்கி வெச்சிருந்தா?"

"இன்னாடா கேள்வி? வெவரமானவ, வெச்சிருந்தா."

"அவளுக்கு எதுனா வியாதி கீதோ? அந்த எச்.ஐ.வி.?"

குடை கொடுத்தவளைப் பார்த்து, மழையைக் கொண்டு வந்தவளே நீதான் என்று சொல்கிற புத்தி! எனக்கு வந்த கோபத்தில் ஸ்பேனரால் ஒன்று போட்டிருப்பேன். ஆனால் அவன் நிலைமையைப் பார்த்து ஸ்பேனரைக் கீழே வைத்தேன். கட்டிக்கொள்ளப் போகிறவளையே சந்தேகப்படுகிறோமே என்ற வெட்கம் ஒரு பக்கம், உயிர்ப் பயம் ஒரு பக்கம்.

அடுத்த வாரம் அதே மாதிரிப் பாக்கெட் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தான். "டியூப்ப தண்ணியில முக்கிப் பார்ப்பியே, இதையும் பாரேன் மாமா." இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு வேலை எனக்கு வந்ததில்லை. தொழில் என்று வந்துவிட்டால் வெட்கம் பார்க்கக் கூடாது. காற்றடித்து, முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன். நான்கு பக்கமும் திருப்பினேன். ஒரு காற்றுக் குமிழிகூட வரவில்லை. இரண்டு பேரும் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது காபி கொண்டு வந்தாள் சம்பூர்ணம், அதாவது என் மனைவி, அவனுடைய அக்கா. தொட்டியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். காபியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இது ஓட்ட இல்ல, சரி. அன்னிக்குப் போட்டது?" என்றான் அவன்.

ஒரு கொசு கடித்தால் தடிப்பு, ஒரு தும்மல் வந்தால் காய்ச்சல். கண்ணாடியில் நாக்கை நீட்டி நீட்டிப் பார்ப்பான். வண்டி ஓட்டும்போதுகூடக் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பான். உடம்பு இளைத்தால் அந்த வியாதி என்று யாரோ சொல்ல, மண்டிக்குப் போகும்போதெல்லாம் புளி நிறுக்கிற தராசில் தானே ஏறி நின்றான். அறுபத்தாறு கிலோ அறுபத்து மூன்றாச்சு, அறுபதாச்சு. சோறு இறங்காதவனுக்கு உடம்பு ஏறுமா? அதைச் சொன்னால் காதில் விழாது. எடையைப் படித்துச் சொன்னதே கிருபாவதிதான். "இன்னா இது, மூட்டைக்கு மூட்ட நீ கொறஞ்சுகினே வர்ற?" என்று கேட்பாள். இவன் உடனே வண்டியை எடுத்துவிடுவான். அவள் கட்டிக் கொடுத்த சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே என் கடைக்கு வரும். நன்றாகவே சமைப்பாள், பாவம்.

கடைசியில் நான்தான் அவனைப் போளூர் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கிற நம்பிக்கை மையத்துக்கு இழுத்துப் போனேன். உண்மைப் பெயர் வேண்டாம் என்று முனிசாமி என்று எழுதிக் கொடுத்தான். உள்ளேயிருந்து "முனிசாமி, முனிசாமி" என்று நாலு தடவை கூப்பிட்டார்கள். இவன் என் பக்கம் திரும்பி, "யாரு மாமா அந்த முனிசாமி? பயந்து ஓடிட்டான் போல, பாவம்" என்றான். நான் விலாவில் இடித்த பிறகுதான் எழுந்தான்.

ஆலோசகர் சகுந்தலா மேடம் சிரிக்காமல் முழுக்கதையும் கேட்டார். அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம்.

"சரியா போட்டு, கிழியாம நழுவாம இருந்திருந்தா நீங்க பயப்பட ஒண்ணுமில்லீங்க. மனசு கேக்கலன்னா இன்னிக்கு ஒரு டெஸ்ட் எடுப்போம். மூணு மாசம் முடிஞ்சதும் இன்னொண்ணு. அதுலயும் இல்லன்னா இல்லதாங்க."

அன்றைக்கு எடுத்ததில் இல்லை. திரும்பி வரும் வழியில், "ஒண்ணுமில்லன்னா எதுக்கு மாமா ரெண்டு வாட்டி?" என்று ஆரம்பித்தான். எங்கள் ஊர் எல்லைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி இறங்கி, காளியம்மன் கோயில் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். இரண்டாவதிலும் இல்லையென்று வந்தால் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டான். அங்கேதான் தப்புப் பண்ணினான். எங்கள் ஊரில் கிடா கொடுக்கிறவன், எதற்காக என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் அம்மன் உத்தரவு. சிலுப்பாவிட்டால், சொன்னதில் பொய் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று மாதம் முடிந்தது. இரண்டாவதிலும் இல்லை. அன்றே ஆலங்காயம் போய்க் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டான். "ஊரப் பார்த்துட்டு சொல்றேன்" என்றாள் அவள். கிடா வெட்டுகிற நாளுக்கே வந்தாள். "பூச பண்ணத சாப்பிட மாட்டேன், பார்க்க மட்டும் வர்றேன்" என்று டிபன் பாக்ஸோடு வந்து புளியமரத்து நிழலில் உட்கார்ந்தாள்.

ஊர்க்கவுண்டர் கேட்டார்: "இன்னா வேண்டுதல்?"

"முதுகுவலிங்க."

மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கிடா கல்லாக நின்றது.

"வண்டி நல்லா ஓடணும்னுங்க." தெளித்தார்கள். கிடா அவன் சட்டையைக் கடித்துப் பார்த்தது.

"தம்பி, எதையோ மறைக்கிற" என்றார் கவுண்டர். கூட்டம் நெருங்கியது. கறிக்கு மசாலா அரைத்து வைத்திருந்த பெண்கள் பொறுமை இழந்து, "சொல்லித் தொலைடா" என்று கத்தினார்கள்.

அர்ச்சுனன் கிருபாவதியைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்தால் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் அம்மனிடம் பொய். அவன் கண் கலங்கியது.

"எச்.ஐ.வி. இருக்குமோன்னு பயந்து வேண்டிக்கினேன். இல்ல. ரெண்டு வாட்டி பார்த்தாச்சு, இல்ல. அவளப் போய் சந்தேகப்பட்டேன்."

கிருபாவதி எழுந்து வந்தாள். போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நானும் வாணியம்பாடியில டெஸ்ட் பார்த்துக்கினேன். உன்னை சோத்துக்குக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி, அப்புறம் ஒரு வாட்டி. எனக்கும் இல்ல."

"நீ எதுக்குப் பார்த்த?"

"நீ ஊர் ஊரா சுத்தற வண்டிக்காரன். அந்தப் பாக்கெட்ட யாருக்குப் பயந்து வாங்கி வெச்சேன்னு நெனச்ச?"

ஊரே வெடித்துச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் மிரண்டு, கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் கவுண்டர் வேட்டியெல்லாம் தெறித்தது. "உத்தரவு ஆச்சு!" என்றார்.

"மூணு மாசமா என் தராசுல ஏறி ஏறி எறங்கினியே" என்றாள் கிருபாவதி மெதுவாக. "ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

அவன் குழந்தை மாதிரி அழுதான். அவள் அவன் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போய் டிபன் பாக்ஸைத் திறந்தாள். எலுமிச்சைச் சாதமும் அப்பளமும். மூன்று மாதத்தில் என் மச்சான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அவன் கொடுத்த கிடாயை ஊரே சாப்பிட்டது. ஒரு துண்டு அவன் வாய்க்குப் போகவில்லை, அவனும் கேட்கவில்லை.