மலை ஏறாத சூசை அங்கிள் வண்டி

ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவனை உலகத்தில் எவனும் நம்புவதில்லை. நாங்களும் எவனையும் நம்புவதில்லை, அதனால் பொழப்பு ஓடுகிறது. கையில் கிரீஸோடு வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

மார்க்கர் பேனா

சுங்கை பூலோ சூசை அங்கிள், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கிள்ளானில் என் கடைக்கு ஒரு பழைய அமெரிக்க மோட்டார்ஹோமை ஓட்டி வந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, எல்லாம் உண்டு. எட்டு சிலிண்டர் இஞ்சின். சமதளத்தில் சமத்தாக ஓடும், கெந்திங் செம்பா மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கும். கிறிஸ்மஸுக்குப் பேரப்பிள்ளைகளை கேமரன் மலைக்குக் கூட்டிப்போக வேண்டுமாம்.

வேலையை ஆரம்பிக்கவே விடவில்லை மனுஷன். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கிலும் மார்க்கரால் கையெழுத்துப் போட்டார், போட்டோ பிடித்தார். ரோட்டில் ஓட்டிப் பார்க்க சாவியையும் தரமாட்டார். கேட்டால், "இஞ்சின் பெருசு தம்பி, ஆனா ஒரு ஸ்குரூ கொறஞ்சாலும் எனக்குத் தெரிஞ்சிடும்."

டுரியான் லோரி

பழைய பிளக்குகளை அவரிடமே எண்ணிக் கொடுத்துவிட்டுப் புதுசு போட்டோம், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினோம். கார்புரேட்டரைக் கழுவினோம், டைமிங் வைத்தோம். இந்த வண்டியில் இஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. மூடியைத் திறந்து கையாலேயே ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தால், அப்பப்பா, அந்த உறுமலில் பக்கத்துக் கடைக்காரன் வெளியே ஓடி வந்தான்!

சரி என்று ஏற்றத்துக்குப் போனோம். அங்கிள் ஓட்ட, பக்கத்துச் சீட்டில் அவர் மனைவி, நானும் என் பார்ட்னர் மணியமும் பின்னால். பாதி மலையில் வண்டி நொண்டியது. கிள்ளானில் பழத்தை இறக்கிவிட்டுப் பகாங்குக்குத் திரும்பிய ஒரு டுரியான் லோரி ஹார்ன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டியது. மானம் போச்சு. எனக்குப் பெட்ரோல் மேல் சந்தேகம், கியர்பாக்ஸ் மேல் சந்தேகம், டைமிங் வைத்த மணியம் மேலும் சந்தேகம். மணியம் என் காதைக் கடித்தான்: "வேற எவன்கிட்டயோ குடுத்து கெடுத்துட்டு வந்திருக்காரு லா, மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

பூப்போட்ட துணி

"ஞாயித்துக்கெழமை சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்று கடைக்குத் திரும்பியதும் அங்கிள் மிரட்டிவிட்டு, பக்கத்தில் தே தாரிக் டீ குடிக்கப் போனார். பதினைந்து வருஷமாகச் சேர்த்த பேர். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும். என்ன செய்வதென்று தெரியாமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எண்ணெய்ப் பெடலை, அதாவது ஆக்சிலரேட்டரை, அழுத்தினேன். அப்போதுதான் உறைத்தது: இத்தனை நாளும் கையால் இழுத்தோமே தவிர, காலால் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. பெடல் பாதியிலேயே நின்றது.

கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் ஒரு மரக்கட்டை. நகராதபடி துணி சுற்றி, கார்ப்பெட்டோடு சேர்த்துத் தைத்திருந்தது. ஜன்னல் திரையின் அதே துணி. திரும்பினேன். அங்கிளின் மனைவி ஃபிலோமினா ஆன்டி கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வச்சேன், வேகமாப் போகக்கூடாதுன்னு. போன வருஷம் அவருக்கு நெஞ்சைத் தொறந்து ஆபரேசன் பண்ணாங்க. அதுக்கப்புறமும் தாண்டிப்போற காரையெல்லாம் வெரட்டுறாரு. பக்கத்துல உக்காந்து தினமும் செத்துப் பொழைக்கிறேன் தம்பி." அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இருந்தாலும், "ஆன்டி, என் பேரு போகுதே" என்றேன். ஆன்டி கைப்பையில் இருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். "ஏறுறதுக்கு எடுத்துக் குடு. எறங்குறதுக்கு முன்னாடி நானே வச்சுக்கிறேன்."

கிறிஸ்மஸ் முடிந்து

கட்டையைப் பிரித்து ஆன்டியிடம் கொடுத்துவிட்டு, அங்கிளிடம் ஏதோ அடைப்பு என்று சொல்லி அனுப்பினேன். கேமரனில் இருந்து திரும்பியதும் நேராகக் கடை வாசலுக்கு வந்து நின்றார். பின்னால் ஆன்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறுறப்ப பிச்சுக்கிட்டுப் போச்சு, வரும்போது பழையபடி படுத்துருச்சு. நீ எதையோ கழட்டி வச்சுக்கிட்ட தம்பி, எனக்குத் தெரியும்."

எட்டு சிலிண்டர் இஞ்சினுக்கு என்னால் செய்ய முடிந்த பெரிய ரிப்பேர், திருட்டுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டதுதான்.