கோள் சொல்லும் வண்டி

மகன் அபிலாஷ் புது எஸ்.யு.வி.யைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய அன்றே பொன்னுதுரை சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஒரு வாரம் பழசையும் இதையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்கப்பா. எது பிடிக்குதோ அதை வச்சுக்கிடுங்க" என்றான். பெற்ற பிள்ளை இவ்வளவு பணிவாகப் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பழைய வேகனைப் பிடுங்கி, கையோடு தான் வண்டி ஓட்டுவதையும் நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று முடிவு கட்டினார்.

நாசரேத் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்று, தூத்துக்குடியில் வீடு கட்டி வந்தவர். அந்த ஸ்டேஷன் வேகனின் நீண்ட முதுகில் கோயில் அசன விருந்துக்கு அண்டாக்கள் போயிருக்கின்றன, உடன்குடிக் கருப்பட்டி வந்திருக்கிறது. கியர் மாற்ற ஒரு குத்து விட வேண்டும். ஆனால் வாயைத் திறக்காது. புதுசில் ஏணி வைக்காத குறையாக ஏற வேண்டும். ஏறிவிட்டால் ஊரையே மேலிருந்து பார்க்கலாம் என்பதை மனதுக்குள் ஒப்புக்கொண்டார், வெளியில் சொல்லவில்லை. சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் கீகீ என்று கத்துவதுதான் பொறுக்கவில்லை. கத்துவதையெல்லாம் மகனின் போனுக்குக் கோள் சொல்கிறதோ என்றும் நினைத்தார்.

சனிக்கிழமை மீன் வாங்க மனைவி ஜெயசெல்வியோடு புது வண்டியில் தருவைகுளம் புறப்பட்டார். உப்பு லாரிகள் தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும் சாலை அது. ஓரம் வழுக்கும் என்று, பழகியவர்கள் நடுரோட்டை ஒட்டித்தான் ஓட்டுவார்கள். சாரும் அப்படியே ஓட்டினார். வண்டி கத்தியது. நகர்ந்தார். திரும்பவும் கத்தியது.

"எங்கயோ செஞ்ச வண்டிக்கு உப்புத்தண்ணியப் பத்தி என்ன தெரியும்?" என்று முணுமுணுத்தார்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ஜெயசெல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். வேகனில் ஏறினால் இறங்கும் வரை லாரி வருது, சைக்கிள் வருது என்று பேசிக்கொண்டே வருபவள். மகனும் இவளும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்களோ என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

வண்டி மூன்றாம் முறை கத்தியபோது எதிரே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்து, உரசுகிற மாதிரி போனது. அவள் விழித்தாள். அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"ஓரமெல்லாம் தண்ணி பளபளன்னு கெடக்கு. நான் எங்கன ஓட்ட?" என்றார்.

ஜெயசெல்வி எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அங்கன தண்ணியே இல்லங்க. காஞ்ச ரோடு."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். தண்ணீர் அப்படியே பளபளத்தது. இறங்கிப் போய்க் குனிந்து கையை வைத்தார். விரலில் புழுதிதான் ஒட்டியது.

"ஏளா, என் கண்ணு இப்பிடின்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"ரெண்டு வருஷமா வேகன்ல நான் கண்ணை மூடுனதே இல்ல. சொன்னா நீங்க ஒடைஞ்சு போவீங்கன்னு லாரி, சைக்கிள்னு சொல்லிக்கிட்டே வந்தேன். இது கத்துதேன்னுதான் இன்னைக்குக் கொஞ்சம் தூங்கிட்டேன்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.

"ஏலே அபிலாஷ், உப்பளத்துப் பக்கம் நிக்கோம். ஒரு டிரைவரை அனுப்பு. அம்மா பாவம், ரொம்ப அசந்துட்டா."